35 சென்டிமீட்டர்: ஒரு போல் வால்ட் ரிப்பேர்

பதினொன்றாம் வகுப்பு முழுக்க போல் வால்ட்டில், அதாவது கோல் ஊன்றித் தாண்டுவதில், நான் தாண்டிய உயரம் 3.40 மீட்டர். ஜூலையில் 3.40. அரையாண்டு லீவில் 3.40. மார்ச்சில், முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தின வாரமும் அதே 3.40. இடையில் நான் 4 செ.மீ. வளர்ந்திருந்தேன். புல்-அப்ஸ் ஆறிலிருந்து பதினான்குக்குப் போயிருந்தது. 100 மீட்டரிலும் வேகம் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனால் தாண்ட வேண்டிய கிராஸ்பாரை 3.50இல் வைத்தால் போதும், தவறாமல் விழுந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன். நான் வலது கைக்காரன், அதாவது கோலில் வலது கை மேலே இருக்கும், இடது காலில் எழும்புவேன். இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். அப்போது உயரம் 172 செ.மீ., எடை 58 கிலோ. கோல் 4 மீட்டர், 130 பவுண்ட் எடையுள்ள ஆளுக்கானது. கல்லூரிக்குப் போன சீனியர் அண்ணா ஒருவர் மைதானத்தில் விட்டுப்போனது. மேல் கையை அடியிலிருந்து 3.55 மீட்டரில் பிடிப்பேன்.

எங்கள் மாநிலத்தில் இந்த விளையாட்டுக்கு ஆள் பஞ்சம் இல்லை. 2022இல் காந்திநகரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் எஸ். சிவா 5.31 தாண்டினார், ரோசி மீனா பால்ராஜ் 4.20 தாண்டினார். அன்றைக்கு இரண்டுமே தேசிய சாதனை, இருவருமே தமிழ்நாடு. அதற்கு முன் பெண்கள் சாதனையை 2014இலிருந்து வைத்திருந்த வி.எஸ். சுரேகாவும் நம் ஊர்தான். ஆள் இருக்கிறது, கோலுக்கும் மெத்தைக்கும்தான் பஞ்சம். எங்கள் மைதானத்தில் மெத்தை ஒன்று, பாக்ஸ் (கோலை ஊன்றும் பள்ளம்) ஒன்று, கோல் மூன்று. மூன்றில் ஒன்றில் ஸ்பைக்ஸ் குத்திய கீறல் இருந்தது, அதை யாரும் தொடக் கூடாது என்பது சார் உத்தரவு. கண்ணாடி இழைக் கோலில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் விழுந்துவிட்டால், வளையும்போது அந்த இடத்தில்தான் முறியும். அது இப்போது மைதான வேலியில் கொடிக்கம்பம்.

முதலில் தப்பாகக் கண்டுபிடித்த கோளாறைச் சொல்லிவிடுகிறேன்.

'மேலே போய்த் தலைகீழாக மாற மாட்டேங்கிறான்.' பார்த்த எல்லாரும் சொன்னது இதுதான். நானும் அதைத்தான் நம்பினேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வீடன் வீரர் டுப்ளான்டிஸ் 6.25 தாண்டிய வீடியோவை ஸ்லோமோஷனில் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அவர் கோலோடு ஒட்டி, கால் மேலே, தலை கீழே, ஒரு நேர்க்கோடாக நிற்பார். என் வீடியோவில் நான் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி பாரை நோக்கிப் போய்க்கொண்டிருப்பேன். அப்புறம் என்ன சந்தேகம்? ஏப்ரல் முதல் மூன்று வாரம் முழுக்க ஹை-பாரில் தொங்கிக் காலை மேலே கொண்டுபோகும் பயிற்சி, கயிற்றில் தலைகீழாகும் பயிற்சி. கையில் காய்ப்பு வந்தது, வயிறு இறுகியது. மூன்றாவது வாரக் கடைசியில் பார் வைத்துத் தாண்டிப் பார்த்தேன். 3.40.

அந்தப் பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. பிற்பாடு அதுதான் உதவியது. ஆனால் சைக்கிளில் செயின் கழன்று கிடக்கும்போது சீட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

கோளாறு பிடிபட்டது கோலமாவால். தங்கச்சி வீடியோ எடுக்க வருவாள், எட்டாம் வகுப்பு. என்னோடு வந்தால் திரும்பும் வழியில் சர்பத் உண்டு என்பது ஒப்பந்தம். எப்போதும் மெத்தைக்குப் பக்கத்தில் நின்று மேலே நோக்கி எடுப்பாள். ஒருநாள் வெயிலுக்காகத் தள்ளி மரத்தடியில் உட்கார்ந்து, பக்கவாட்டில் இருந்து எடுத்துவிட்டாள். அந்த வீடியோவில் நான் மேலே போவது சரியாகத் தெரியவில்லை. கால் தரையை விட்டுக் கிளம்புவது மட்டும் அருமையாகத் தெரிந்தது. அதை நிறுத்திப் பார்த்தால் என் இடது கால் என் கைக்கு முன்னால் இருந்தது. கை பின்னால், கால் முன்னால், உடம்பு பின்பக்கம் வில்லாக வளைந்து நின்றது. அதுவரை நான் பார்த்த எந்த நல்ல வீரரின் வீடியோவிலும் மேல் கை, எழும்பும் காலின் நுனிக்கு நேர் மேலே இருக்கும், அல்லது கால் சற்றுப் பின்னால் இருக்கும். எங்கள் சார் இதை 'உள்ளே போயிட்ட', அதாவது பாக்ஸுக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டாய், என்று நூறு தடவை சொல்லியிருப்பார். எவ்வளவு உள்ளே என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மறுநாள் அம்மாவின் கோலமாவு டப்பா மைதானத்துக்கு வந்தது. எழும்பும் இடத்தில் ரன்வே மேல் இரண்டு மீட்டர் நீளத்துக்கு மெல்லிசாகத் தூவினோம். தாண்டிவிட்டு வந்து பார்த்தால் ஷூ முனையின் தடம் அப்படியே இருக்கும். பாக்ஸின் பின்பலகையிலிருந்து தடம் வரை டேப் பிடித்து அளந்தாள் தங்கச்சி. எட்டுத் தாண்டல். 2.22, 2.28, 2.19, 2.31, 2.25, 2.24, 2.30, 2.21. எட்டு தடவையும் 2.25ஐச் சுற்றியே.

எவ்வளவு இருக்க வேண்டும்? இதற்கு இரண்டு வழி. சுலபமானது, கோலின் அடியைப் பாக்ஸில் பின்பலகையில் முட்டி வைத்து, வழக்கமான இடத்தில் பிடித்து, வலது கையைத் தலைக்கு மேலே நேராக நீட்டி, இடது கால் நுனியில் நிற்பது. கை இருக்கும் இடத்துக்கு நேர் கீழே கால் நுனி. அங்கே ஒரு கோடு. எனக்கு 2.60 வந்தது.

இரண்டாவது வழி பித்தாகரஸ். நம்ப முடியாமல் இரவு அதையும் போட்டுப் பார்த்தேன். கால் நுனியில் எம்பிக் கை நீட்டினால் தரையிலிருந்து 2.22 மீட்டர். பாக்ஸின் ஆழம் 20 செ.மீ. என்பது விதி, ஆக உயரம் 2.42. கோல் 3.55. அது கர்ணம். 3.55இன் வர்க்கத்தில் 2.42இன் வர்க்கத்தைக் கழித்தால் 6.74 சொச்சம், வர்க்கமூலம் 2.60. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு ஒன்று உருப்படியாக உதவியது எனக்கு அன்றைக்குத்தான்.

ஆக 35 செ.மீ. உள்ளே. சாண் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரைச் சாண். இதனால் என்ன ஆகும் என்றால், கால் கிளம்புவதற்கு முன்பே கோல் பலகையில் முட்டி, வலது கையைப் பின்னால் இழுக்கத் தொடங்கிவிடும். ஓடிவந்த வேகம் கோலுக்குள் போவதற்குப் பதிலாகத் தோளிலும் இடுப்பிலும் இடிக்கும். எனக்கு ஒரு வருஷமாக முதுகின் கீழ்ப்பக்கம் வலித்ததற்கு இதுதான் காரணம், நான் ஸ்கூல் பையைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். கால் வீசி மேலே போக நேரமே இருக்காது. தலைகீழாக மாறாதது கோளாறு இல்லை, கோளாறின் புகை.

சரி, 35 செ.மீ. உள்ளே போகிறோம் என்றால் ஓட்டம் தொடங்கும் இடத்தை 35 செ.மீ. பின்னால் தள்ளினால் முடிந்தது கதை! அப்படித்தான் நினைத்தேன். 25.20 மீட்டரில் இருந்த தொடக்கக் குறியை முதலில் 25.55க்கு, பிறகு 25.70க்கு. மாவில் விழுந்த தடம்: 2.27, 2.22, 2.26. அரை மீட்டர் பின்னால் போயும் கால் அதே இடத்தில் வந்து நிற்கிறது. தங்கச்சி டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "உனக்குப் பாக்ஸ் மேல ஆசைடா அண்ணா" என்றாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. ஓடும்போது கண் பாக்ஸைப் பார்க்கிறது, கடைசி ஆறு எட்டில் (காலடியில்) நம்மை அறியாமலேயே கால் எட்டை நீட்டியோ குறுக்கியோ பழகிய இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. நீளம் தாண்டுபவர்களுக்கும் இதே வியாதி உண்டு. எனவே எழும்பும் இடத்தை மட்டும் அளந்தால் உண்மை தெரியாது, கண் ஏமாற்றத் தொடங்கும் முன் கால் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். சார் காட்டிக்கொடுத்த இடம் கடைசியிலிருந்து ஆறு எட்டுக்கு முன்னால். அங்கேயும் மாவு.

என்னுடையது 14 எட்டு ஓட்டம். எட்டாவது எட்டில் இடது கால் 12.10 மீட்டரில் விழுந்துகொண்டிருந்தது. 2.60இல் எழும்ப வேண்டுமென்றால், மீதி ஆறு எட்டையும் முழு வேகத்தில் ஓட 12.70 வேண்டும். அதாவது பாக்ஸை நெருங்குவதற்கு முன்பே நான் 60 செ.மீ. கூடுதலாக வந்துவிட்டிருந்தேன், அப்புறம் கடைசியில் தப்பத் தப்பென்று எட்டைக் குறுக்கி, அப்படியும் 35 செ.மீ. உள்ளே போய்க்கொண்டிருந்தேன். கோளாறு முதல் எட்டு எட்டில். கோலைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வீரமாக இருக்கட்டும் என்று மான் மாதிரித் தாவித் தாவி ஓடியிருக்கிறேன். குறியைப் பின்னால் தள்ளினால் தாவல் இன்னும் நீளும், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. நடந்துவந்து தொடங்கும் பழக்கத்தை விட்டேன். அதில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வரும். இடது காலைக் குறியில் வைத்து நின்று, மூச்சுவிட்டு, வலது காலை முதலில் எடுத்துவைத்துக் கிளம்புவது. முதல் நான்கு எட்டு தரையைத் தள்ளுகிற மாதிரி, குட்டையாக. எண்ணிக்கையை இடது காலுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், இறங்குமுகமாக: ஏழு, ஆறு, அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. இதில் ஒரு வசதி இருப்பது சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பேச்சுத் தமிழில் ஏழு முதல் ஒண்ணு வரை எல்லாமே இரண்டிரண்டு அசைதான். 'ஏ' இடது கால், 'ழு' வலது கால். 'மூ' இடது, 'ணு' வலது. கடைசி 'ஒண்' இடது காலில் எழும்பும்போது, 'ணு' காற்றில். தாளம் தட்டின மாதிரி உட்கார்ந்துவிட்டது. அதுவரை ஆங்கிலத்தில் ஒன், டூ என்று எண்ணி, செவன் வரும்போது தடுமாறிக்கொண்டிருந்தேன்.

மெத்தை இல்லாத பக்கம், ஓடுதளத்தின் ஓரமாக, கோலைப் பிடித்து ஓட்டம் மட்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஓட்டம், பாக்ஸ் இல்லை, பார் இல்லை, 'நாலு' என்னும்போது விழும் கால் தடத்தை மட்டும் அளப்பது. முதல் வாரம் 12.05க்கும் 12.95க்கும் நடுவே அலைந்தது. மூன்றாவது வாரம் 12.60லிருந்து 12.80க்குள் வந்தது. வேடிக்கை என்னவென்றால் தொடக்கக் குறி கடைசியில் 24.70க்கு வந்து நின்றது. பின்னால் போக வேண்டும் என்று ஆரம்பித்தவன், அரை மீட்டர் முன்னால் வந்துவிட்டேன்.

அம்மா மட்டும் இரண்டாவது வாரத்தில் கேட்டார்: "ஏன்டா, வாசல்ல போடறதுக்கு மாவு வாங்கினா மைதானத்துக்குக் கோலம் போடறியா?" அன்றிலிருந்து அரைக் கிலோ பாக்கெட் தனியாக வாங்கினோம். தினமும் முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவது வாட்ச்மேன் தாத்தாவோடு போட்ட உடன்படிக்கை.

ஓட்டம் சரியானால் போதுமா? போதாது. காலும் கையும் ஒன்றாக வந்து சேர வேண்டும். கோலைப் பாக்ஸில் ஊன்ற நான் கையைத் தூக்கத் தொடங்குவதே கடைசி எட்டில்தான். கால் 2.60இல் வந்தாலும் கை காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதனால் நேரம் வாங்க உடம்பு இன்னும் அரை எட்டுத் திருடும். அங்கிருந்துதான் உள்ளே போகிற ஆசை தொடங்குகிறது.

இதற்கு வீட்டிலேயே வழி கிடைத்தது. எங்கள் பக்கம் மூங்கிலுக்குக் குறைவில்லை. பந்தல் போடுகிறவரிடம் மூன்று மீட்டரில் ஒரு பச்சை மூங்கில் வாங்கி, கணுக்களைச் சீவி, பிடிக்கும் இடத்தில் ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் துணி டேப் சுற்றினேன். கோலுக்குப் பதில் இது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாண்டுவதற்கு இல்லை, வெறுமனே கை பழக. சைக்கிள் டயர் ஒன்றைக் காம்பவுண்டுச் சுவர் அடியில் வைத்தால் அதுதான் பாக்ஸ். மூங்கில் நுனி டயருக்குள் முட்டி நிற்கும், சுவரும் தப்பிக்கும்.

மூன்று எட்டு, அதாவது இடது, வலது, இடது. எண்ணிக்கையில் 'ரெண்-டு-ஒண்'. 'ரெண்' என்னும்போது வலது கை இடுப்பிலிருந்து விலாவுக்கு, 'டு' என்னும்போது தோளைக் கடந்து காதுக்கு, 'ஒண்' என்னும்போது முழுக்க மேலே. கால் தரையில் படுவதற்கு ஒரு கண்ணிமை முன்னாலேயே கை நீண்டிருக்க வேண்டும். முதலில் நடந்து. ஒரு வாரம் கழித்து மெதுவாக ஓடி. காலை ஐம்பது, சாயங்காலம் ஐம்பது. கையை உடம்புக்கு வெளியே சுற்றிக்கொண்டு போகக் கூடாது, காதை உரசினாற்போல் நேராகப் போக வேண்டும். சுற்றினால் கோலின் நுனி பக்கவாட்டில் ஆடும், பாக்ஸ் முன்பக்கம் 60 செ.மீ. அகலம் என்றாலும் பின்பலகைக்குப் போகும்போது 15 செ.மீ.தான். தெருவில் போன ஒரு ஆயா இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு, "தேங்கா பறிக்கவா தம்பி பழகுற? தொரட்டி இல்லாம எப்படிப் பறிப்ப?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இடது கை பற்றி ஒரு வார்த்தை. எழும்பும்போது இடது முழங்கையை உடனே மடித்துக் கோலை மார்போடு இழுப்பது என் பழைய வழக்கம். மரம் ஏறுகிறவன் புத்தி. இழுத்தால் மார்பு கோலில் மோதும், கால் வீச இடமே இருக்காது. இரண்டு கையும் மேல்நோக்கித் தள்ளியபடி இருக்க, மார்பு முன்னால் போக, இடது கால் பின்னால் நீண்டு நின்று, அப்புறம் முழங்கால் மடங்காமல் நீளமாக வீசிவர வேண்டும். இதை நீளம் தாண்டும் மணல் குழியில் பழகினோம். கோலை 2.60 மீட்டரில் பிடித்து, ஆறு எட்டு ஓடி, மணலில் ஊன்றித் தொங்கியபடியே போய் நின்றுகொண்டு இறங்குவது. உயரம் கிடையாது, பயம் கிடையாது, வளைவும் கிடையாது. எட்டு வயதுப் பையனும் செய்வான். ஆனால் இதில் கால் உள்ளே போனால் தோள் உடனே சொல்லிவிடும். தேர்ந்த வீரர்கள்கூட இதை விடுவதில்லை என்று சார் சொல்வார். நான் அதுவரை சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டு என்று தள்ளி வைத்திருந்தேன்.

இதற்கு நடுவே தங்கச்சி ஒரு புது வேலையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய அறிவியல் புத்தகத்தில் வேகம் என்றால் தூரம் வகுத்தல் நேரம் என்று இருந்ததாம். போனில் ஸ்லோமோஷன் ஒரு விநாடிக்கு 240 ஃபிரேம். பாக்ஸிலிருந்து 10 மீட்டரிலும் 5 மீட்டரிலும் இரண்டு செங்கல் வைத்தோம். நான் ஒரு செங்கல்லைக் கடந்து இன்னொன்றைக் கடக்க எத்தனை ஃபிரேம் என்று எண்ணினால் வேகம் வந்துவிடும். கோல் இல்லாமல் ஓடியபோது 145 ஃபிரேம், விநாடிக்கு 8.3 மீட்டர். பழைய மாதிரி கோலோடு ஓடியது 162 ஃபிரேம், 7.4 மீட்டர்தான். கோலைத் தூக்கியதாலேயே விநாடிக்கு முக்கால் மீட்டருக்கும் மேல் போய்விடுகிறது!

இதற்கு உயரம் என்ன விலை என்றும் கணக்குப் போடலாம். ஓடும் வேகம் முழுவதும் உயரமாக மாறினால், வேகத்தின் வர்க்கத்தை 19.6ஆல் வகுத்தால் அந்த உயரம். 7.4க்கு 2.80 மீட்டர். நம் உடம்பின் நடுப்புள்ளி ஏற்கெனவே தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதையும் கூட்டினால் 3.80. நிஜத்தில் கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் கையால் தள்ளியும் கிடைக்கும், எனவே இது வெறும் மதிப்பீடுதான். ஆனாலும் 3.80க்கான பெட்ரோல் போட்டுக்கொண்டு 3.40 ஓட்டியிருக்கிறேன். அதே கணக்கில் 7.9 மீட்டர் வேகம் வந்தால் 4.18. போல் வால்ட் என்பது கோல் நம்மைத் தூக்கிவிடும் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். கோல் எதையும் சொந்தமாகக் கொடுப்பதில்லை. வாங்கிவைத்து, வளைந்து, திருப்பிக் கொடுக்கிறது. ஓட்டத்தில் கொடுக்காததைத் திருப்பிக் கேட்க முடியாது.

வேகம் எங்கே போனது என்று பார்த்ததில், கோலின் நுனியை முதலிலிருந்தே தாழ்த்திப் பிடித்து ஓடியிருக்கிறேன். நீளமான கம்பின் நுனியைப் படுக்கையாகப் பிடித்தால் பிடிக்கிற இடத்தில் எவ்வளவு கனக்கும் என்று ஒட்டடைக் குச்சி பிடித்தவர்களுக்குத் தெரியும். தொடக்கத்தில் நுனி உயரே, கோல் கிட்டத்தட்ட செங்குத்தாக. ஓட ஓட அது தன் போக்கில் இறங்க வேண்டும், 'மூணு' சொல்லும்போது தலைமட்டம், 'ரெண்டு' சொல்லும்போது பாக்ஸை நோக்கி. இறங்குகிற கோல் ஓட்டத்தை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். மே மாதக் கடைசியில் 152 ஃபிரேம், விநாடிக்கு 7.9.

ஜூன் முதல் வாரம் மறுபடி மெத்தைக்கு வந்தோம். முதல் தாண்டலில் கால் 2.58. முதுகில் இடி இல்லை, தோளில் இழுப்பு இல்லை. நான் பயந்துபோனேன், உண்மையைச் சொன்னால். கோல் வளைந்து, நிமிர்ந்து, என்னை எங்கோ மெத்தையின் பின்கோடி வரை கொண்டுபோய்ப் போட்டது. பார் 3.40இல்தான் இருந்தது, அதை இடுப்பால் அடித்துத் தள்ளிக்கொண்டே போயிருந்தேன். சார் சிரித்துக்கொண்டே பாரைத் தாங்கும் ஸ்டாண்டைத் தள்ளச் சொன்னார். பாரைப் பாக்ஸின் பின்கோட்டிலிருந்து 80 செ.மீ. வரை மெத்தைப் பக்கம் தள்ளி வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. நான் ஒரு வருஷமாக 40இல் வைத்திருந்தேன், கிட்டே இருந்தால் சுலபம் என்ற நினைப்பில். 70க்குத் தள்ளினோம். 3.40 பாரை அதன் பிறகு நான் தொட்டதே இல்லை.

அடுத்தது பிடியை உயர்த்துவது. கோல் இப்போது சுலபமாகச் செங்குத்தைத் தாண்டிப் போவதால் கை மேலே போகலாம். 3.70. கணக்குப்படி எழும்பும் இடம் 2.80க்குப் போக வேண்டும், அதாவது பிடி 15 ஏறினால் கால் 20 பின்னால். அதன்படி ஓட்டத்தின் எல்லாக் குறியையும் 20 செ.மீ. தள்ளினேன். 3.60 வந்தது, 3.70 வந்தது. பேராசை வந்தது.

ஒரு சனிக்கிழமை சார் இல்லை. மெத்தையில் நானும் இன்னும் இரண்டு பேரும். பிடியை 3.85க்கு ஏற்றினேன், குறியைத் தள்ள மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடப் பொய், 'ஒரு தாண்டல்தானே' என்று விட்டேன். கால் 2.78இல், இருக்க வேண்டியதோ 2.99. மறுபடி உள்ளே, இந்த முறை பெரிய பிடியோடு. கோல் செங்குத்து வரை வந்து, ஒரு கணம் யோசித்து, என்னைத் திருப்பி ரன்வேக்கே அனுப்பியது. கோலை விடாமல் பிடித்துக்கொண்டதால் காலில் இறங்கினேன், ஆனால் வலது குதிகால் பாக்ஸின் இரும்பு விளிம்பில். பத்து நாள் நொண்டினேன். பாக்ஸைச் சுற்றிப் போடும் பஞ்சு வளையம் எங்கள் மைதானத்தில் அப்போது இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு அடிபட்டிருக்காது. இந்தப் பதிவை வைத்து யாராவது தனியாக முயற்சி செய்தால் எனக்குத் திட்டு விழும் என்பதால் சொல்லி வைக்கிறேன்: பிடியை ஏற்றுகிற நாளில் சார் இருக்க வேண்டும், ஏற்றம் ஒரு தடவைக்கு 5 செ.மீ., குறியைத் தள்ளிய பிறகுதான் ஓட்டம்.

நொண்டிய நாட்களில் உருப்படியாக ஒரு வேலை நடந்தது. வெளியூர்ப் போட்டிக்குக் கோலை எப்படிக் கொண்டுபோவது என்பது எங்களுக்குப் பழைய தலைவலி. ஒரு முறை பஸ்ஸில் ஏற்றவே மாட்டேன் என்றார் நடத்துனர், அவரையும் குற்றம்சொல்ல முடியாது, நாலு மீட்டர் கம்பை ஜன்னலில் விட்டால் யார் கண்ணில் குத்தும்? குழாய்க் கடையில் நாலு இஞ்ச் பி.வி.சி. பைப் இருபதடி நீளத்தில்தான் கிடைக்கிறது. அதில் 4.20 மீட்டர் அறுத்து, ஒரு பக்கம் மூடி ஒட்டி, மறுபக்கம் திருகும் மூடி, உள்ளே பழைய தலையணைப் பஞ்சு. இரண்டு கோல் தாராளமாகப் போகும். ஒன்றோடொன்று உரசாமல் இருக்கப் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினோம். மாமாவின் குட்டியானை வண்டியில், கேபின் மேலிருந்து பின்பக்கம் வரை கட்டி, முனையில் சிவப்புத் துணி. ஊரே வேடிக்கை பார்த்தது. போர்வெல் போடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் போட்டியில் ரன்வே மண். நேற்றைய மழையில் பாதி சொதசொதப்பு. அங்கே போய்த் தொடக்கக் குறியை அளந்து வைத்துவிட்டு, பார் இல்லாமல் இரண்டு ஓட்டம் ஓடி, 'நாலு' தடத்தை மட்டும் பார்த்தேன். மண்ணில் மாவு தேவைப்படவில்லை, ஸ்பைக்ஸ் தடமே தெரிந்தது. ஈரத்தில் எட்டின் நீளம் குறைந்து, கால் 15 செ.மீ. பின்னால் விழுந்தது. தொடக்கத்தை 15 முன்னால் கொண்டுவந்தேன். பக்கத்தில் ஒரு பையன் ஒவ்வொரு தாண்டலுக்கும் குறியைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனான், போன வருஷத்து என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். போட்டி நடுவே யாரும் கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். முடிந்த பிறகு தேடினேன், போய்விட்டிருந்தான்.

3.60 முதல் முயற்சி. 3.70 இரண்டாவது. 3.80 முதல் முயற்சியில், எப்படி என்று இன்னும் தெரியவில்லை. 3.90இல் இரண்டு தடவை பார் விழுந்தது, மூன்றாவது தடவை மார்பு உரசி, பார் துள்ளி, ஆடி, நின்றது. மெத்தையில் மல்லாந்து கிடந்து அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடி 3.75. பழைய நாளில் பிடித்த இடத்துக்கு மேலே 5 செ.மீ. தாண்டினேன் என்றால், இப்போது பாக்ஸ் ஆழத்தைக் கழித்தால் 35 செ.மீ. தாண்டியிருக்கிறேன். ஏப்ரலில் தலைகீழாகத் தொங்கியதற்குக் கூலி அங்கேதான் கிடைத்தது. 4.00இல் மூன்றும் போச்சு. தங்கச்சி எடுத்த வீடியோவில் மூன்றாவது முயற்சியில் 'நாலு' சரியாக இருக்கிறது, கடைசி இரண்டு எட்டில் கண் பாருக்குப் போய்விட்டது, கால் 20 செ.மீ. உள்ளே.

இப்போது கல்லூரியில் முதலாண்டு. 140 பவுண்ட் கோல் கிடைத்திருக்கிறது, 16 எட்டு ஓட்டத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். எண்ணிக்கை 'எட்டு'வில் தொடங்குகிறது, நல்லவேளை அதுவும் இரண்டு அசை. 'நாலு' 13.30இல் விழ வேண்டும், நேற்று வரை 13.05. மூங்கில் ஊரில் மொட்டைமாடியில் கொடியாகிவிட்டது. போன வாரம் போனபோது அம்மாவின் புடவை இரண்டு, போர்வை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மடித்து வைத்துவிட்டு ஐம்பது 'ரெண்-டு-ஒண்' போட்டேன். கீழேயிருந்து தங்கச்சி கத்தினாள்: "டேய் அண்ணா, இடது முழங்கை!"